பெருவின் மீசைச் சிற்றாந்தை: குரலைப் போட்டு அழைக்கலாமா?

மலைமுகடு | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். இந்தக் களத்தைப் பல வருடமாக வாசிக்கிறேன், எழுதியது குறைவு. போன ஆகஸ்டில் பெருவில் நடந்த ஒன்று இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. உங்களிடம் கேட்டுவிடலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வேலை நிமித்தமாக எட்டு மாதம் லிமாவில் இருந்தேன். ஊர் திரும்பும் முன் ஒரு வாரம் விடுப்பு கிடைத்தது. எங்கே போவது என்று யோசிக்கவே இல்லை, வடக்குப் பெருவின் ஆப்ரா பட்ரீசியா மலைக்கணவாய்தான். தாரபோத்தோ வரை விமானம். அங்கிருந்து மொயோபாம்பா, ரியோஹா, நுவேவா கஹாமார்கா என்று சாலைப் பயணம். ரியோஹா பக்கம் பார்த்தால் நெல் வயல். ஏதோ ஆற்றுப் பாசனத்து ஊருக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. அதைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது, வண்டிக் கண்ணாடியில் ஈரம் படிகிறது, பார்த்தால் மரமெல்லாம் பாசியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. மேகக்காடு.

நான் போனது ஒரே ஒரு பறவைக்காக. அறிவியல் பெயர் சீனோகிளாக்ஸ் லோவெரி. தமிழில் நீள்மீசைச் சிற்றாந்தை எனலாம். அங்கே ‘லெச்சுசீத்தா பிகோத்தோனா’ என்கிறார்கள், மீசைக்காரக் குட்டி ஆந்தை என்று பொருள். நீளம் 13, 14 செ.மீ.தான். நம் சிட்டுக்குருவியைவிடக் குட்டை. ஆனால் உடம்பு உருண்டை, எடை 50 கிராம் அளவு இருக்கும். சிவப்பு கலந்த ஆரஞ்சு நிறக் கண். அலகைச் சுற்றியும் முகத்தின் இரண்டு பக்கமும் இழை இழையாக இறகுகள் தலையைத் தாண்டி நீண்டு நிற்கும். அதுதான் மீசை. காலில் இறகு கிடையாது. வடக்குப் பெருவில் ஆண்டீஸின் கிழக்குச் சரிவில், ஏறத்தாழ 1,900 மீட்டரிலிருந்து 2,400 மீட்டர் வரை உள்ள காட்டில் மட்டும்தான் வாழ்கிறது.

மலைச்சரிவில் ஒரு சின்ன விடுதியில் மூன்று இரவு தங்கினேன். முதல் இரவு விடாத மழை. இரண்டாம் இரவு மழை ஓய்ந்து மேகம் கீழே இறங்கிவிட்டது. வழிகாட்டி பக்கத்து ஊர்க்காரர், ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசமாட்டார். ஒற்றையடிப் பாதையில் டார்ச்சை அணைத்துவிட்டு நின்றோம். அரை மணி நேரம் கழிந்திருக்கும். வந்தது அந்தக் குரல். கரகரப்பான ஒற்றை ‘ஹூ’. சில விநாடி இடைவெளி, மறுபடி ஒரு ‘ஹூ’. பக்கத்தில்தான், பத்துப் பதினைந்து மீட்டருக்குள். வழிகாட்டி என் முழங்கையைத் தொட்டு, காத்திருக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

நான் காத்திருக்கவில்லை. கைப்பேசியில் அந்தப் பறவையின் குரலைப் பதிவிறக்கி வைத்திருந்தேன், எடுத்து ஒலிக்கவிட்டேன். இரண்டே முறைதான். ஆந்தையின் குரல் அப்படியே நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் நின்றோம், திரும்ப வரவே இல்லை. வழிகாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

மூன்றாம் இரவு வேறு மேட்டில், வெகு தூரத்தில் கேட்டது. கண்ணால் பார்க்காமலே திரும்பினேன். பார்க்க முடியாததில் வருத்தம் இல்லை. அந்தப் பறவைக்கு நான் என்ன செய்தேன் என்பதுதான் உறுத்துகிறது. பதிவு செய்த குரலைப் போட்டு அழைப்பது பற்றி இங்கே மூத்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


நிலாமுற்றம் | ஞாயிறு, இரவு 10.15

அண்ணா, படிக்கும்போதே அந்தக் காட்டில் நின்ற மாதிரி இருந்தது. நான் பறவை பார்க்கத் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகிறது, அதனால் ஒரு அடிப்படைக் கேள்வி. இந்த ஆந்தையை முப்பது வருடம் யாருமே பார்க்கவில்லை என்று எங்கோ படித்தேன். அது உண்மையா? இவ்வளவு நாள் ஒரு பறவை எப்படி ஒளிந்திருக்க முடியும்?


சித்தன்னவாசல் | ஞாயிறு, இரவு 11.30

நிலாமுற்றம், நீங்கள் படித்தது பாதி சரி. விவரமாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

1976 ஆகஸ்ட். அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழு ஆப்ரா பட்ரீசியா பக்கம் முகாம் போட்டிருந்தது. மேகக்காட்டில் பறவையைக் கண்ணால் தேடுவதைவிட மிஸ்ட் நெட் கட்டுவதுதான் வழி. மயிரிழை போன்ற நூலில் பின்னிய வலை, பறவையின் கண்ணுக்குத் தெரியாது. அதில் சிறு ஆந்தை ஒன்று விழுந்தது. தென் அமெரிக்காவின் எந்தச் சிற்றாந்தையோடும் அது பொருந்தவில்லை. ஜான் ஓ’நீல், கேரி கிரேவ்ஸ் இருவரும் 1977ல் ‘தி ஆக்’ இதழில் விவரித்தார்கள். புதிய சிற்றினம் என்பதோடு நிற்கவில்லை, அதற்கென்று புதுப் பேரினமே ஏற்படுத்தினார்கள். ‘சீனோஸ்’ என்றால் கிரேக்கத்தில் விசித்திரமான, அந்நியமான. ‘கிளாக்ஸ்’ என்றால் ஆந்தை. லோவெரி என்பது அந்த அருங்காட்சியகத்தை உருவாக்கிய ஜார்ஜ் லோவெரியின் பெயர். ஓ’நீல் போன்ற மாணவர்களைப் பெருவுக்கு அனுப்பி வளர்த்தவர் அவர். 1978 ஜனவரியில் இறந்துபோனார். மாணவர்கள் தம் பெயரைப் பறவைக்கு வைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பதில் எனக்கு ஒரு நிறைவு.

அப்புறம் 1978ல் கோர்தில்யேரா தே கொலான் என்ற மலைத்தொடரில் கிடைத்தது, 2002ல் மறுபடி ஒன்று. இவை எல்லாமே வலையில் விழுந்தவை. ஆக, ‘யாரும் பார்க்கவில்லை’ என்பது தவறு. கையில் பிடித்துப் பார்த்தவர்கள் உண்டு. கிளையில் தன் போக்கில் உட்கார்ந்திருக்கும் பறவையைத்தான் யாரும் பார்த்ததில்லை. அது 2007 தொடக்கத்தில் நடந்தது. எக்கோஆன் என்ற பெரு அமைப்பும் அமெரிக்கப் பறவைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து அங்கே நிலம் வாங்கித் தனியார் காப்பகம் அமைத்திருந்தன. அதன் கண்காணிப்புக் குழுவினர் பகலிலும் அந்தி நேரத்திலுமாகப் பறவையைக் கண்டார்கள். குரலையும் பதிவு செய்தார்கள்.

நடுவில் ஏன் இவ்வளவு இடைவெளி? பறவையின் கூச்சம் மட்டும் காரணமில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் இந்த மலைகளை ஒட்டிய சான் மார்ட்டீன் பகுதி ஆயுதக் கிளர்ச்சிக்காரர்களின் களமாக இருந்தது. டூபாக் அமாரு இயக்கம் அங்கேதான் வேரூன்றியிருந்தது. தொண்ணூறுகளிலும் பெருவின் உள்பகுதிகளில் பயணம் ஆபத்தாகவே இருந்தது. இரவில் மலைக்காட்டில் வலை கட்டிக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பார்கள்? ஒரு பறவை கண்ணில் படாமல் இருப்பதில் மனிதர்களின் சண்டைக்கும் பங்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆய்வாளர்கள் அங்கே போக முடிந்தது சாலை வந்ததால். கடற்கரையையும் அமேசான் சமவெளியையும் இணைக்கப் போட்ட சாலை அது. அதே சாலை வழியாகத்தான் கஹாமார்கா மலைகளில் நிலமில்லாத குடும்பங்கள் வந்து இறங்கின. நுவேவா கஹாமார்கா என்ற பெயரே ‘புதிய கஹாமார்கா’தான். இந்தப் பறவைக்குப் பெயர் கிடைத்ததும் அதன் காடு சுருங்கத் தொடங்கியதும் ஒரே சாலையால்.


இராக்குருவி | திங்கள், காலை 6.50

மலைமுகடு, நீங்கள் இவ்வளவு வருந்த வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். இரண்டு முறை ஒலிக்கவிட்டதால் அந்த ஆந்தை ஊரை விட்டுப் போயிருக்காது. இரவாடிப் பறவைகளின் ஆய்வே குரலை வைத்துத்தான் நடக்கிறது. பதிவை ஒலிக்கவிட்டு, பதில் வருகிறதா என்று பார்ப்பது ஏற்கப்பட்ட முறை. ஒரு மலைத்தொடரில் இந்தப் பறவை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால்தானே அந்த மலையைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்க முடியும்?

இன்னொரு உதாரணமும் பொருத்தமானது. ஆண்டீஸின் குள்ள ஆந்தைகள், அதாவது கிளாசிடியம் பேரினம். நம் ஊர்ச் சிறிய காட்டு ஆந்தைக்கும் அதே பேரினப் பெயர்தான். இவை ஒன்றுக்கொன்று அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். ஆண்டீஸ் மேல்மட்டத்தில் இருப்பதெல்லாம் ஒரே இனம் என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். பிரித்துக் காட்டியது குரல். 1991ல் பொலிவியாவை ஒட்டிய யுங்காஸ் காடுகளின் ஆந்தை தனி இனம் என்று விவரிக்கப்பட்டது. 1995ல் கிழக்குச் சரிவின் கீழ்மட்டக் காட்டிலிருந்து இன்னொன்று, கிளாசிடியம் பார்க்கெரி. 1999ல் மார்க் ராபின்ஸும் கேரி ஸ்டைல்ஸும் கொலம்பியா, எக்வதோரின் மேற்கு ஆண்டீஸிலிருந்து கிளாசிடியம் நூபிகோலாவை விவரித்தார்கள். ‘நூபிகோலா’ என்றால் மேகத்தில் குடியிருப்பது. அதன் பாடம் செய்யப்பட்ட உடல்கள் அதற்கு முன்பே அருங்காட்சியகத்தில் வேறு பெயரில் கிடந்தன. உடல் பேசவில்லை, குரல் பேசியது.

பார்க்கெரி என்ற பெயர் டெட் பார்க்கர் நினைவாக. ஏறத்தாழ 4,000 பறவைகளைக் குரலால் மட்டுமே அடையாளம் சொல்லக்கூடியவர் என்று அவரைச் சொல்வார்கள். 1993 ஆகஸ்ட் 3ல் எக்வதோரில் காட்டைக் கணக்கெடுக்கப் போன சிறு விமானம் மலையில் மோதி இறந்தார். தாவரவியலாளர் ஆல்வின் ஜென்ட்ரியும் அதே விமானத்தில் போய்விட்டார். பார்க்கர் காடு காடாக ஒலிப்பதிவுக் கருவியோடு அலைந்தவர். குரலைப் பதிந்து, அதையே திரும்ப ஒலிக்கவிட்டு, பறவையை வெளியே வரவழைத்துப் பெயரை உறுதி செய்வது அவர் தலைமுறை வளர்த்த வழக்கம். அதைக் குற்றம் என்று சொல்ல என்னால் முடியாது.

கடைசியாக ஒன்று. 1976ல் அந்த ஆந்தையை வலையில் பிடித்துக் கொன்று பாடம் செய்தார்கள். அதை மரியாதையோடு நினைவுகூர்கிறோம். கைப்பேசியில் இரண்டு முறை ஒலித்த குரலுக்கு மட்டும் இத்தனை குற்ற உணர்ச்சியா?


சித்தன்னவாசல் | திங்கள், காலை 8.05

இராக்குருவி, டெட் பார்க்கர் பற்றிச் சொன்னதற்கு நன்றி. அவர் பெயரை யாராவது சொல்லும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

ஆனால் உங்கள் ஒப்பீட்டை நான் ஏற்கவில்லை. அருங்காட்சியகத்தில் இருக்கும் மாதிரி உடல் ஒரு முறை எடுத்தது. அதை வைத்து உலகம் முழுவதும் உள்ள ஆய்வாளர்கள் என்றைக்கும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆய்வுக்கான ஒலிப்பும் எண்ணிக்கைக்குள் அடங்கும். எந்த இடம், எத்தனை நிமிடம், வருடத்தில் எத்தனை முறை என்று திட்டம் இருக்கும்.

சுற்றுலா அப்படியில்லை. இந்த ஆந்தையை எளிதில் கேட்கக்கூடிய இடங்கள் சில ஒற்றையடிப் பாதைகள்தான். அந்தப் பாதையோரம் எல்லை வைத்திருக்கும் ஒரே இணை. இன்று மலைமுகடு, நாளை வேறொருவர், நாளை மறுநாள் ஒரு வண்டி நிறையப் பேர். எல்லோரும் ‘இரண்டே முறை’ ஒலிக்கவிடுகிறார்கள். ஆந்தையின் காதில் அது என்ன? தன் எல்லைக்குள் ஓர் அந்நிய ஆந்தை தினமும் வந்து சண்டைக்கு இழுக்கிறது. வேட்டையாட வேண்டிய நேரத்தில் அது காவல் காக்கிறது. ஐம்பது கிராம் உடம்பில் எத்தனை இரவுப் பட்டினியைத் தாங்க முடியும்?

நம் கண்ணுக்கு நாம் ஒருவர். அந்தப் பறவைக்கு நாம் எல்லோரும் சேர்ந்து ஒருவர்.


இராக்குருவி | திங்கள், காலை 8.40

கடைசி வரி என்னை யோசிக்க வைக்கிறது, ஐயா. ஆய்வு வேறு, சுற்றுலா வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டேன்.

ஆனாலும் குரல் போடவே கூடாது என்று முழுத் தடை சொல்ல மாட்டேன். வருகிறவர்கள் ஒருமுறையாவது பார்த்தால்தான் அந்தக் காட்டைக் காக்கும் குடும்பங்களுக்கு வருமானம். அந்த வருமானம் நின்றால் அடுத்தது என்ன?


காபித்தோட்டம் | திங்கள், மதியம் 1.20

அடுத்தது காபி. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலிருந்து ஏற்காட்டில் காபி போடுகிறது. ரியோஹா, மொயோபாம்பா எல்லாம் இருக்கும் ஆல்ட்டோ மாயோ பள்ளத்தாக்கு பற்றி விரும்பிப் படிப்பவன் நான், காரணம் அங்கே நடப்பதும் காபியின் கதைதான். மேலே ஒருவர் நிலமில்லாத குடும்பங்கள் வந்து இறங்கின என்று எழுதியிருந்தார். அவர் குறை சொல்லவில்லை, புரிகிறது. ஆனால் இப்படிப்பட்ட இழைகளில் கடைசியில் ‘காட்டை அழித்த விவசாயி’ என்று ஒரு வில்லன் வந்து நின்றுவிடுவான். அதற்கு முன்பே சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

அங்கே 1987ல் அரசு ‘ஆல்ட்டோ மாயோ பாதுகாப்புக் காடு’ என்று அறிவித்தது. 1,82,000 ஹெக்டேர். அறிவித்தபோது உள்ளே ஏற்கெனவே ஆட்கள் குடியிருந்தார்கள், அதன் பிறகும் வந்துகொண்டே இருந்தார்கள். பத்திரம் இல்லை, வங்கிக் கடன் இல்லை, வேளாண் அதிகாரி எட்டிப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட நிலத்தில் காபி வைத்தால் என்ன ஆகும்? உரம் போட மாட்டான், போட முடியாது. ஏழெட்டு வருடத்தில் மண் ஓய்ந்துவிடும். மேலே இன்னொரு துண்டுக் காட்டை வெட்டுவான்.

அதன் மேல் இலைத்துரு நோய் வந்தது. 2013 வாக்கில் பெருவின் காபியை அது படுத்திய பாடு கொஞ்சமல்ல. இந்த நோயின் கதை நமக்குப் புதிதில்லை. 1869ல் இலங்கையில் இருந்துதான் இதை முதன்முதலில் விவரித்தார்கள். அங்கே காபியையே வேரறுத்து, தோட்டங்களைத் தேயிலைக்கு மாற்றவைத்தது. அந்த மாற்றத்தைத் தோளில் சுமந்தவர்கள் நம் தமிழ்த் தொழிலாளர்கள். இந்த நோய் தாழ்வான, வெப்பமான தோட்டத்தில் வேகமாகப் பரவும், குளிர்ந்த உயரத்தில் வேகம் குறையும். அப்படியென்றால் நோயடித்த விவசாயி எந்தப் பக்கம் பார்ப்பான்? மேலே. மேலே யார் இருக்கிறார்? உங்கள் மீசை ஆந்தை.

மரத்தை வெட்டாதே என்று பலகை வைப்பதால் இது தீராது. கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அங்கே குடும்பம் குடும்பமாக ஒப்பந்தம் போடுகிறது. நீ புதிதாகக் காடு வெட்டாதே, நான் உனக்கு நோய் தாங்கும் நாற்று, இயற்கை உரம், நல்ல விலைக்கு விற்க வழி தருகிறேன் என்ற ஏற்பாடு. பணம் கார்பன் வரவு விற்பதில் இருந்து வருகிறது, அதாவது காட்டை வெட்டாததால் காற்றில் கலக்காமல் போன கார்பனைக் கணக்குப் போட்டு விற்பது. அந்தத் திட்டத்தின் மீது விமர்சனங்கள் உண்டு, எனக்கும் சில கேள்விகள் உண்டு. ஆனால் ஒரு காபி விவசாயியாகச் சொல்கிறேன், இருக்கிற நிலத்தில் இன்னும் பத்து வருடம் விளையும் என்ற நம்பிக்கை வந்தால் யாரும் செங்குத்தான மலையில் ஏறிக் காடு வெட்டிக் கஷ்டப்பட மாட்டார்கள்.

இராக்குருவி கேட்ட வருமானக் கேள்விக்கு வருகிறேன். ஆந்தை பார்க்க வருகிறவர்களின் பணம் நல்லதுதான். ஆனால் அது சில வீடுகளுக்குத்தான் எட்டும். பள்ளத்தாக்கில் இருக்கிற ஆயிரக்கணக்கான காபிக் குடும்பங்களுக்கு எட்டாது. அதனால் ‘வருமானத்துக்காகக் குரல் போடுகிறோம்’ என்பதை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம்.


நிலாமுற்றம் | திங்கள், மாலை 5.30

காபித்தோட்டம் அண்ணா, இலங்கை விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. இன்று நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒரு கேள்வி கேட்கலாமா? அந்த ஆந்தைக்கு ஏன் அந்தக் குறிப்பிட்ட உயரம் மட்டும்? கொஞ்சம் கீழேயோ மேலேயோ போய்ப் பிழைத்துக்கொள்ள முடியாதா?


மலைமுகடு | திங்கள், இரவு 9.10

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தங்கச்சி கேட்டதற்கு நான் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

அமேசான் சமவெளியின் ஈரக்காற்று மேற்கே நகர்ந்து ஆண்டீஸில் மோதுகிறது. ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. அந்த மேகம் மலையின் ஒரு குறிப்பிட்ட பட்டையில்தான் தினமும் உட்காரும். அங்கே மழை மட்டும் தண்ணீர் இல்லை. இலையும் பாசியும் மேகத்திலிருந்தே நீரை வடித்து எடுக்கின்றன. மழை பெய்யாத நாளிலும் மரத்தடியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்கும். கிளைக்குக் கிளை ஆர்கிட், பன்னம், அன்னாசி இலை மாதிரிக் கொத்துக் கொத்தாகப் புரோமிலியாட். அதில் சில மேடுகள் மணற்பாறை மேல் அமைந்தவை, சத்தில்லாத வெள்ளை மண். அங்கே மரம் உயராது. முறுக்கிக்கொண்டு, நெருக்கியடித்துக்கொண்டு, கை நுழையாத அடர்த்தியில் குள்ளக் காடாக நிற்கும். இந்த ஆந்தை விரும்புவது அந்தக் காட்டையும் அதை ஒட்டிய ஈரக் காட்டையும்தான். குட்டையான, வட்டமான இறக்கை என்பதால் அந்த நெருக்கத்துக்குள் அதனால் பறக்க முடிகிறது. கீழே இறங்கினால் உயர்ந்த மரங்களின் வேறு காடு, அங்கே வேறு ஆந்தைகள். வடக்கே போகலாம் என்றால் மாரன்யோன் ஆற்றின் பள்ளத்தாக்கு குறுக்கே கிடக்கிறது. ஈரத்துக்குப் பழகிய பறவைக்கு அது பெரிய அகழி. மலைக்கு மேல் ஏறலாம் என்றால் மேடு ஓரளவுக்கு மேல் இல்லை, அங்கேயே முடிந்துவிடுகிறது.

அந்தக் காட்டில் இது தனியாக இல்லை. 1976ல் அதே குழு அதே பக்கத்தில் எறும்புபிட்டா வகைச் சிறு பறவை ஒன்றையும் புதிதாகக் கண்டெடுத்தது. மஞ்சள்வால் கம்பளிக் குரங்கும் இதே மலைகள்தான். அதை 1812ல் ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஹும்போல்ட் விவரித்தது, சேணத்தின் மேல் போட்டிருந்த தோல்களைப் பார்த்துத்தான். அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தபோது 1974ல் மறுபடி கண்டார்கள். பின்னாளில் அந்தக் குரங்குகளை ஆய்வு செய்யப் போனவர்களுக்கு லா எஸ்பெரான்சா என்ற ஊர்ப் பக்கம் நம் மீசை ஆந்தையும் கிடைத்தது. குரங்குக்காக ஊர்மக்களோடு சேர்ந்து காத்த காட்டில் ஆந்தையும் இருந்தது. எனக்கு இது பெரிய நம்பிக்கை.

சித்தன்னவாசல் ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்தபின் என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கைப்பேசியில் இருந்த இரவாடிப் பறவைகளின் குரல்களை இன்றே அழித்துவிட்டேன். யாருக்கும் அறிவுரையாகச் சொல்லவில்லை. என்னிடம் இருந்தால் மறுபடியும் போடுவேன் என்று எனக்கே தெரிந்ததால் செய்தேன்.


சித்தன்னவாசல் | திங்கள், இரவு 10.00

நல்லது, தம்பி. கொலான் மலைத்தொடரும் 2009ல் தேசியச் சரணாலயமாகிவிட்டது. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களைத் தரம் பிரிக்கும் உலகச் சிவப்புப் பட்டியலிலும் இந்த ஆந்தை முன்பு ‘அருகிய இனம்’ என்ற பிரிவில் இருந்தது, இப்போது அதற்கு ஒரு படி குறைவான ஆபத்து உள்ள ‘அழிவாய்ப்பு இனம்’. பறவை பெருகிவிட்டது என்று இதைப் படிக்கக்கூடாது. தேடியவர்கள் பெருகினார்கள், குரல் தெரிந்ததால் புதிய மேடுகளில் கண்டுபிடித்தார்கள். இந்த இடத்தில் இராக்குருவி சொன்னதற்கும் மதிப்பு உண்டு. குரல் பதிவு இல்லாமல் இந்தத் தேடல் நடந்திருக்காது.

ஆல்ட்டோ மாயோவில் 2022ல் நடந்த கணக்கெடுப்பில் மட்டும் அறிவியலுக்குப் புதிதாக 27 உயிரினங்கள் கிடைத்ததாக 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். வயலும் சாலையும் ஊரும் நெருக்கும் பள்ளத்தாக்கில்.


கார்த்திகைப்பூ | செவ்வாய், காலை 7.15

இந்த இழையை இரண்டு முறை படித்தேன். நானும் கணவரும் வரும் செப்டம்பரில் பெரு போகிறோம். மாச்சு பிச்சுவோடு முடித்துக்கொள்ளும் திட்டம் இருந்தது, இப்போது வடக்கே நான்கு நாள் சேர்த்திருக்கிறோம். மலைமுகடு, குரல் போடாமல் கேட்க வேண்டுமென்றால் என்ன செய்வது? என்ன எடுத்துப் போவது? எனக்கு முழங்கால் வலி உண்டு, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.


மலைமுகடு | செவ்வாய், இரவு 8.50

மிகவும் சந்தோஷம், அக்கா. செப்டம்பர் நல்ல மாதம், மழை ஒப்பீட்டில் குறைவு. இருந்தாலும் நனையாத மேலங்கி கட்டாயம். மூன்று இரவாவது ஒதுக்குங்கள். ஒரே இரவு என்று போனால் மேகம் ஏமாற்றிவிடும், அப்போதுதான் கைப்பேசியை எடுக்கத் தோன்றும்.

பாதை ஈரமாக, வேர் வேராக இருக்கும். கைத்தடி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்குச் சிரமம் என்றால் கீழே இறங்க வேண்டாம், மேட்டுப் பாதையின் தொடக்கத்திலேயே நிற்கலாம் என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூன்றாம் இரவு நான் கேட்டது அப்படி ஓர் இடத்தில் நின்றுதான். டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள், அதையும் நிற்கும்போது அணைத்துவிடுங்கள். குரல் போட வேண்டாம் என்று வழிகாட்டியிடம் கிளம்பும் முன்பே சொல்வது நல்லது. நாம் ஏமாந்து போகக்கூடாதே என்ற அக்கறையில் சிலர் போட்டுவிடுவார்கள்.

பகலில் போமாகோச்சாஸ் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். ஹம்மிங்பேர்டு வகைச் சிட்டு ஒன்று அங்கே உண்டு, வாலில் நான்கே இறகு. ஆணுக்கு அதில் இரண்டு நீண்டு வளைந்து, நுனியில் நீல வட்டத்தோடு ஆடும். முழங்காலுக்கும் அந்தப் பக்கம் சிரமம் இல்லை.

இரவு நல்ல குளிர் இருக்கும், கம்பளித் தொப்பி போடச் சொல்வார்கள். போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் நின்று கேட்கும்போது காதுக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொள்ளுங்கள். குரல் மிகவும் மெல்லியது. பாசியில் நீர் சொட்டுகிற சத்தத்துக்கு நடுவில்தான் வரும்.